பாசி அண்ணன் விரித்த கம்பளம்

பால்கனித் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, நகம் வெட்டும் கத்தரியால் பாசிக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார் பெயின்டர். எதிரே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு தொட்டி. அதில் முழ உயரத்தில் ஒரு குட்டி ஆலமரம். அதை அவர் பார்க்கவில்லை. வேரைச் சுற்றி விரிந்திருந்த பாசியில் இருந்து நூல் போல நீட்டிக்கொண்டிருந்த காம்புகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"அப்பா..." என்று வந்தாள் கல்லூரிக்குப் போகும் மகள்.

"பேசாத. உன் மூச்சுக்காத்துல கை ஆடுது."

கதவுக்கும் அவருக்கும் நடுவே பத்தடி தூரம்.

ஈரச் சுவரில் பூத்த பாசியைச் சுரண்டி எறிந்துவிட்டு வர்ணம் அடிப்பதுதான் அவருக்குச் சோறு போடும் தொழில். சுரண்டுவதில் குறையில்லை, எறிவதில்தான் சிக்கல். மதில் ஓரம், மாடிப்படிக்குப் பின்புறம், குழாய் சொட்டும் மூலை என்று தேடிப் போய், பட்டி பார்க்கும் தகட்டை அடியில் செருகி, தோசை திருப்புவது போல முழுசாக எடுப்பார். ஒரு சுவருக்கு ஒரு நாள். "இவ்வளவு பொறுப்பா சுவரைச் சுத்தம் பண்ற ஆள நான் பாத்ததே இல்ல" என்று வீட்டுக்காரர்கள் உருகிப் போவார்கள். கூட வேலை செய்பவர்கள் உருகுவதில்லை. "பாசி அண்ணே, பொண்ணு பாத்தது போதும், வர்ணத்தக் கலக்குங்க" என்பார்கள்.

எடுத்து வந்ததை நிழலில் காய வைத்து, உள்ளங்கையில் நொறுக்கி, டீ வடிகட்டியில் சலித்து, திருநீறு தூவுவது போல மண்மேல் தூவுவார். பிறகு தெளிப்பான். ஒரு நாளைக்கு ஐந்து முறை. குழாய்த் தண்ணீர் பட்டால் உப்புப் படிந்து வெளுத்துவிடுமாம். அதனால் வடிகட்டிய குடிநீர் பாசிக்கு, குழாய்த் தண்ணீர் குடும்பத்துக்கு. "எங்களுக்கு வெளுக்காதாப்பா?" என்று மகள் கேட்டதற்கு, "நீங்க மனுசங்க, தாங்குவீங்க" என்று ஆறுதல் சொன்னார்.

இரண்டு வருட உழைப்பு. பலன் இல்லாமல் இல்லை. அந்தப் பச்சையைப் பார்த்தால் யாருக்கும் கன்னத்தை வைத்துப் படுக்கத் தோன்றும், சத்தியமாக!

ஆனால் மரம் அவருடையது அல்ல. தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி, பதினான்கு வருடத்துக்கு முன் அலுவலகச் சாக்கடைக் குழாய் விரிசலில் இருந்து இரண்டு இலையோடு பிடுங்கி வந்து வளர்த்தது. அந்த அம்மாள் பயிற்சிக்காகப் பதினெட்டு நாள் வெளியூர் போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார்: "தண்ணி ஊத்துங்க. அடி ஓட்டை வழியா வர்ற வரைக்கும் ஊத்துங்க."

"அம்மா ஊத்தச் சொன்னாங்கல்ல?" மகள் கதவருகிலேயே நின்று கேட்டாள்.

"ஊத்துனா மண்ணு தெறிச்சு பாசி மேல படும்டா. நாந்தான் அஞ்சு வேளை தெளிக்கிறேனே. பாரு, எப்படி ஈரமா இருக்கு!"

"இலை கொட்டுதுப்பா."

"கொட்டட்டும். பாசிக்கு வெளிச்சம் நல்லா விழுது."

ஞாயிற்றுக்கிழமை போன்சாய் என்னும் குறுமரக் கண்காட்சி. அதை நடத்துபவர் போன வருடம் இவர் வீட்டுக்கு வந்து பாசியைத் தொட்டுப் பார்த்தவர். புதன்கிழமை அவரே அழைத்தார். "உங்க பாசிக்காகவே முன் வரிசையில எடம் வச்சிருக்கேன் சார்." வாழ்நாளில் பெயின்டரை யாரும் சார் என்று அழைத்ததில்லை. அன்றைக்கு ஆறு முறை தெளித்தார்.

வியாழன் மாலை மனைவி வந்தார். பையை இறக்கிவிட்டு நேரே பால்கனிக்குப் போய், தொட்டியை ஒரு கையால் தூக்கினார். அவ்வளவுதான். கனமாக இருக்க வேண்டிய தொட்டி காகிதத் தட்டு போல எழும்பி வந்தது. மரத்தில் மீதம் பதினோரு இலை, அதிலும் நாலு மஞ்சள்.

"என்னங்க, தண்ணி ஊத்துனீங்களா?"

"தெளிச்சேன்."

"பாசிக்குத் தெளிச்சீங்க. மரத்துக்கு?"

தெளித்ததையெல்லாம் பாசி மேலேயே குடித்துவிட்டு, கீழே ஒரு சொட்டும் விடாமல் பச்சைப் பசேல் என்று சிரித்துக்கொண்டிருந்தது.

"பாசிய எடுத்தாத்தான் உள்ள என்ன ஆச்சுன்னு தெரியும். பிழைக்குதான்னு பாக்கணும்" என்றார் மனைவி.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் மட்டும்..."

"செத்த மரத்துக்குக் கம்பளம் விரிச்சு முன் வரிசையில வைக்கப் போறீங்களாப்பா?" என்றாள் மகள்.

மனைவி திட்டவில்லை. திட்டியிருந்தால் இவரும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பார். அந்த அம்மாள் உதிர்ந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் அடுக்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க முடியாமல் எழுந்து போய்த் தகட்டை எடுத்து வந்தார் பெயின்டர்.

ஊரான் வீட்டுச் சுவரில் ஒரு நாள் எடுத்துக்கொள்பவர், இதை ஐந்து நிமிடத்தில் உரித்தார். தோசை திருப்பவில்லை, பிய்த்துப் போட்டார். அடியில் மண் பிஸ்கட் தூளாகக் கிடந்தது. மகள் வாளியில் தண்ணீர் பிடித்தாள். குழாய்த் தண்ணீர்தான், யாரும் எதுவும் சொல்லவில்லை. தொட்டியை அப்படியே அமுக்கினார்கள். குமிழ்கள் வரத் தொடங்கின. பொங்கிப் பொங்கி, விக்கி விக்கி வந்துகொண்டே இருந்தன. பதினெட்டு நாள் தாகம்! பெயின்டர் மரம் சாயாமல் பிடித்துக்கொண்டு குமிழ்களையே பார்த்திருந்தார். மூக்கை உறிஞ்சினார். வர்ண வாடையால் வரும் ஜலதோஷம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்.

குமிழ் அடங்கியதும் மனைவி குனிந்து, அடிமரத்தில் பெருவிரல் நகத்தால் லேசாகக் கீறினார். மூவர் தலையும் முட்டிக்கொண்டன. தோலுக்குக் கீழே எள்ளளவு பச்சை.

"உயிர் இருக்கு" என்றார் மனைவி.

பெயின்டர் வாளியிலிருந்து ஒரு கையை வெளியே எடுத்து, ஊசி போட்ட இடத்தைப் பிடிப்பது போல, அந்தக் கீறலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.