நாஸ்டால்ஜியாவுக்கு ஓர் எடுத்துக்காட்டு

அலுவலகத்தில் அவருக்கு அகராதி என்றே பெயர். அதோடு 'பிடித்தவர்' என்றும் சேர்க்க வாய் துறுதுறுத்து, மரியாதைக்காக அடக்கிக்கொள்கிறவர்களும் உண்டு. ஆங்கிலம்–தமிழ் அகராதி தயாரிக்கும் இடத்தில் இருபத்தாறு வருட உத்தியோகம். சட்டைப்பையில் எப்போதும் நாலு வெற்று அட்டைகள் இருக்கும். யாராவது வாய் திறந்தால் போதும், மனுஷன் பேனாவை எடுத்துவிடுவார்.

புதிய பதிப்புக்காக அன்று அவர் மேஜைக்கு வந்த சொல் நாஸ்டால்ஜியா. அதன் பூர்வீகம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. முந்நூறு வருடத்துக்கு முன் ஒரு மருத்துவ மாணவர், வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்துச் செய்த நோயின் பெயர் அது. ஊரைவிட்டு வந்தவர்கள் வீட்டு நினைவிலேயே இளைத்துத் துரும்பானார்களாம். பிறகு நோய் போய், கடந்த காலத்தை நினைக்கும் ஏக்கம் என்ற பொருள் மட்டும் நின்றது.

பழைய பதிப்பில் அந்தச் சொல்லின் கீழே இருந்த எடுத்துக்காட்டு: 'பிறந்த வீட்டை நினைக்கும்போது என் நெஞ்சு வலிக்கிறது.' சொன்னவள் அவர் மனைவி. கல்யாணமான முதல் வருடம், ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னது. அவள் போய் இரண்டு வருடமாகிறது. குரலைப் பதிந்துவைக்கவில்லை. அந்த ஒரு வரியில்தான் அவள் இருக்கிறாள் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

தலைமைப் பதிப்பாசிரியர் அம்மா அதன்மேல் பென்சிலால் சுழித்திருந்தார். "சார், இது புத்தகத்துல வந்ததா, நீங்களே எழுதினதா?"

"வீட்டுல சொன்னாங்க மேடம்."

அந்தம்மாவுக்கு விஷயம் தெரியும். குரல் இறங்கியது. "அப்ப எடுக்க வேணாம். ஆனா இந்தத் தடவ பேச்ச பேச்சாத்தான் போடுறோம். அவங்க எப்படிச் சொன்னாங்களோ அப்படியே எழுதிக் குடுங்க. சாயங்காலம் அச்சுக்குப் போகுது."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. அவள் பேச்சு, அவள் பேசியபடியே அச்சில்! புது அட்டையை எடுத்தார். 'பொறந்த வீட்ட நெனச்சா நெஞ்சு வலிக்குதுங்க.' வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். எவளோ பேசுவதுபோல இருந்தது. 'அந்த வீட்ட நெனச்சாலே என்னமோ பண்ணுது.' இதுவும் இல்லை. அவள் நெஞ்சு என்று சொன்னாளா? வலி என்றாளா? சொல்லுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று அவரே வலியைச் சேர்த்துவிட்டாரா?

வேடிக்கை என்னவென்றால், அவள் திட்டியதெல்லாம் அட்சரம் பிசகாமல் நினைவிருந்தது. "ஈரத்துண்ட கட்டில்மேல போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது, காது என்ன கடனா வாங்கினீங்க?" அது அச்சு அசலாக அவள் குரலில் காதுக்குள் கேட்டது. அதையெல்லாம் அவர் திருத்தவில்லை. ஆசையாக எடுத்துவைத்த ஒன்றைத்தான் இலக்கண சுத்தமாக வெளுத்து, கஞ்சி போட்டு, யாருடையதோ ஆக்கிவிட்டார்.

மகளுக்குப் போன் போட்டார். "உங்கம்மா பொறந்த வீட்டப் பத்தி என்னடி சொல்லுவா?"

"எங்கிட்ட அதப் பத்திப் பேசினதே இல்லப்பா. ஏன், ஒடம்பு ஏதும் சரியில்லயா?"

"ஒண்ணுமில்லடா" என்று வைத்துவிட்டார். அந்த ஒரு வரியை அவள் வாயால் இன்னொரு தடவை கேட்க முடிந்தால், இருப்பதையெல்லாம் கொடுத்துவிடலாம் என்றிருந்தது. அப்படி ஏங்கினார்.

ஐந்து மணிக்குப் பதினோரு அட்டைகளைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு எழுந்து போனார்.

"எடுத்துடுங்க மேடம். அது அவ சொன்னது இல்ல. நான் எழுதினது."

"நெசமா என்ன சொன்னாங்கன்னு கொஞ்சம்கூட ஞாபகம் இல்லயா சார்?"

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவில்லை.

"அவ சொல்லிக்கிட்டுதான் இருந்தா மேடம். நான் பேனாவத் தேடிக்கிட்டிருந்தேன்."