மஞ்சள் பட்ட தொப்பி

சண்டைக் காலத்தில், ஒரு வைகாசி மாதம், வாவிக்கரையில் இருக்கிற எங்கள் ஊர் கண்ணகை அம்மன் கோயிலில் நடந்தது இது.

எங்கள் கோயில் சடங்கில் பொங்கலுக்கு நெல்லுக் குற்றுவது பெண்கள் வேலை. உரலுக்கும் உலக்கைக்கும் மஞ்சள் பூசி, குற்றக் குற்றக் குரவை போடுவோம். நாக்கை உருட்டி எழுப்புகிற அந்தச் சத்தத்துக்கு முதல் குரல் என்னுடையது. நான் தொடங்காமல் வேறு ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள். நான் குரவை போட்டால் மறுகரையில் வலை இழுக்கிறவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். இதை நானாகச் சொல்லவில்லை, ஊரே சொல்லும்.

அந்த வருடம் மறுகரையில் ஆமிக்காரர் முகாம் போட்டிருந்தார்கள். ஸ்பீக்கர் கட்ட அனுமதி கேட்கப் போன கோயில்காரரிடம், "கட்டலாம். ஆனால் சத்தம் இங்கே வரக்கூடாது. வந்தால் ஸ்பீக்கர்காரனைத்தான் பிடிப்போம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஸ்பீக்கர்காரர் காத்தான்குடியைச் சேர்ந்த முஸ்லிம் தம்பி. முப்பது வயது இருக்கும். அவருடைய வாப்பா காலத்தில் இருந்து எங்கள் சடங்குக்கு அவர்கள்தான் ஸ்பீக்கர் கட்டுவது. ஆனால் அந்த நாட்களில் அவர்கள் எங்கள் பக்கம் வருவதில்லை, நாங்கள் அங்கே போவதில்லை. இரண்டு பக்கமும் சாவு விழுந்திருந்தது. அவர் வந்து இறங்கியபோது எங்கள் ஆட்களில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நானும்தான்.

காலையில் மைக்கை உரலடியில் நிறுத்தி, என்னை ஒருமுறை குரவை போடச் சொன்னார். போட்டேன். அவருக்கு முன்னால் சத்தம் கூட்டிக் குறைக்கிற மிக்சரும் அதன் மேல் ஒரு சின்னப் பெட்டியும் இருந்தன. அந்தப் பெட்டியில் ஒரு குமிழை இடப்பக்கமாகத் திருகினார். மறுபடி போடச் சொன்னார். மறுபடி திருகினார். மூன்றாம் முறை ஹோர்ன் ஸ்பீக்கரில் வந்த என் குரவை கிணற்றுக்குள் விழுந்த மாதிரி இருந்தது. கூட நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

"என்ன மனே, என்ட தொண்டைய நெரிக்கிறாய்?" என்று கேட்டேன்.

"நெரிக்கல்ல அக்கா. இது கொம்ப்ரசர். மெல்லப் பாடினா தூக்கிக் குடுக்கும், உரத்துப் போட்டா அமுக்கும்."

"அமுக்கின குரவை அம்மாளுக்குக் கேக்குமா?"

"அம்மாளுக்குக் கேக்கும் அக்கா. அங்கால உள்ளவனுக்குத்தான் கேக்கப்படாது" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவன் வேண்டுமென்று செய்கிறான் என்றே மனம் சொன்னது.

மத்தியானம் அவர் தொழுவதற்காக வாவியில் கைகால் கழுவி, புன்னை மரத்தடிக்குப் போனார். நாங்கள் உரலுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தோம். நான் எழுந்து போனேன். மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்தப் பெட்டியில் இருந்த இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஆனால் அவர் எந்தக் குமிழை எந்தப் பக்கம் திருகினார் என்று கண் பார்த்து வைத்திருந்தது. அதை வலப்பக்கமாக, போகிற மட்டும் திருகிவிட்டு வந்து உலக்கையைப் பிடித்தேன். அவர் வரும்வரை காத்திருக்கவில்லை. குரவை போட்டேன்.

அப்படி ஒரு குரவையை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. ஹோர்ன் அதிர்ந்தது. வாவியில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. எனக்கு உடம்பு புல்லரித்தது.

அவர் வெறுங்காலோடு ஓடி வந்து சத்தத்தைக் குறைத்தார். பிறகு குமிழைக் குனிந்து பார்த்தார். தலையில் இருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றி, அந்தக் குமிழை அழுத்தித் துடைத்தார். தூசு துடைக்கிறார் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் முகாமில் இருந்து மூன்று ஆமிக்காரர் துவக்கோடு படகில் வந்து இறங்கினார்கள். ஒருவனுக்குத் தமிழ் தெரியும். "சத்தத்தை யார் கூட்டினது?" என்று கேட்டான்.

"நான்தான் ஐயா. கை வழுக்கிட்டு" என்றார் அந்தத் தம்பி.

கன்னத்தில் அடித்தார்கள். ஹோர்னைக் கழற்றி அவர் தலையில் வைத்து, கோயில் வீதி மணலில் முழங்காலில் நிறுத்தினார்கள். வைகாசி வெயில். முழங்கால் பட்ட மணல் எப்படிச் சுட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் எனக்கும் இடையில் இருபது அடி இல்லை. 'நான்தான் திருகினேன்' என்று சொல்ல வாய் எடுத்தேன். சத்தம் வரவில்லை. இடுப்பில் செருகியிருந்த அவருடைய தொப்பி அப்போதுதான் கண்ணில் பட்டது. அதில் பெருவிரல் அளவு மஞ்சள். என் கையைப் பார்த்தேன். அதே மஞ்சள்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அப்படி வைத்திருந்தார்கள். பிறகு ஹோர்னை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் செம்பில் தண்ணீர் கொண்டு போய்க் கொடுத்தேன்.

"மனே, நான்..." என்று தொடங்கினேன்.

"பறையாதீங்க அக்கா. எனக்கெண்டா ரெண்டு அடியோட போயிட்டு. உங்களக் கொண்டு போயிருந்தா?" என்று சொல்லித் தண்ணீரைக் குடித்தார். பிறகு வீங்கின கன்னத்தோடு, "குரவை நல்லாத்தான் இருந்த" என்றார்.

"தொப்பியத் தா, கழுவித் தாறன்" என்றேன்.

"மஞ்சள் போகாது அக்கா, கிடக்கட்டும்" என்று சொல்லி, அதைத் தட்டித் தலையில் போட்டுக்கொண்டு போனார். அதன் பிறகு பாதை பூட்டுப்பட்டது. அவரை நான் காணவில்லை.

இப்போது எனக்கு வயதாகிக் குரல் போயிற்று, குரவையை இளம்பெண்கள் போடுகிறார்கள். "உங்கட குரவை வாவியைத் தாண்டிப் போனதாமே, மெய்யா?" என்று வந்து கேட்பார்கள், ஓம், தாண்டித்தான் போனது, ஆனால் இருபது அடிக்கு அங்கால் முழங்காலில் நின்ற ஒருவருக்கு என் குரல் போய்ச் சேரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுவேன்.