நூற்றிருபது முறுக்கு

என் சைக்கிளுக்குப் பத்தடி பின்னால் என் மனைவி ஸ்கூட்டியில் வருவாள். அருப்புக்கோட்டையில் காலை ஆறு மணிக்கு டீக்கடை வாசலில் நிற்கிற பழக்கம் உள்ளவர்கள் எல்லாரும் இந்த ஊர்வலத்தைப் பார்த்திருப்பார்கள். முன்னால் நான், ஐம்பத்திரண்டு வயது நூல் வியாபாரி, ஊரில் வேறு யாரிடமும் இல்லாத தடித்த சக்கர சைக்கிளில். பின்னால் அவள், ஹெல்மெட் மாட்டி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, தண்ணீர்ப் பாட்டிலும் மாத்திரை டப்பாவும் போட்ட பையை முன்னால் தொங்கவிட்டு. "அண்ணாச்சிக்குப் பந்தோபஸ்து பலமா இருக்கே" என்று ஒருவர் கேட்டார். சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது.

போன வருஷம் கடையில் நூல் மூட்டை ஒன்றை நகர்த்தப் போய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஆம்புலன்ஸில் மதுரைக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்று மாதம் கழித்து டாக்டர், "தினமும் சைக்கிள் மிதிங்க. மிதிக்கும்போது உங்களால பேச முடியணும். பேச முடியலன்னா உடனே நிறுத்திருங்க" என்றார். அவர் சொன்னது என்னிடம். கேட்டுக்கொண்டது அவள்.

தடித்த சக்கரத்தைத் தேர்ந்தெடுத்த அறிவாளி நான்தான். சக்கரம் அகலமாக இருந்தால் விழமாட்டோம் என்று நினைத்தேன். விழவில்லை. ஆனால் லேசில் நகரவும் இல்லை. மிதித்தால் முதலில் சக்கரம் யோசிக்கும், பிறகு பக்கத்தில் ஏதாவது லாரி போகும், அதற்குப் பிறகுதான் சைக்கிள் கிளம்பும்.

"பேச முடியணும்" என்பதை அவள் அரசாங்க உத்தரவாகவே எடுத்துக்கொண்டாள். பின்னாலிருந்து கேள்வி வந்துகொண்டே இருக்கும்.

"என்னங்க, இன்னைக்கு என்ன கெழம?"

"புதன்."

"நேத்து மத்தியானம் என்ன கொழம்பு?"

"கத்திரிக்கா."

"அதுக்கு முந்தின நாளு?"

இந்தக் கேள்விக்கு நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெரியவர், "சாம்பாரா இருக்கும்மா, விடு" என்று எனக்காகப் பதில் சொன்னார். அன்றைக்கு முழுவதும் நான் கடையில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

திருச்சுழி சாலையில் ஊரைத் தாண்டி ஐந்து கிலோமீட்டர் போனால் ஒரு கண்மாய்க்கரை. சாலை அந்தக் கரைமேல் ஏறி, கொஞ்ச தூரம் அதன் மேலேயே ஓடி, மறுபக்கம் இறங்கும். எங்கள் பக்கத்தில் மலை கிடையாது. கண்மாயில் தண்ணீர் கிடந்தாலும் கிடக்காவிட்டாலும் அந்த மேடுதான் எனக்கு மலை. பாதி ஏறும்போது கேள்வி வரும், என்னிடமிருந்து பதில் வராது. அவள் ஹாரன் அடிப்பாள். நான் இறங்கித் தள்ளுவேன்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். "நாளையிலருந்து நீ வராத. நான் என்ன பச்சப்புள்ளையா?"

அவள் கோபப்படவில்லை. "அந்த மேட்டுல ஏறும்போது நான் கேக்குறதுக்கெல்லாம் திணறாமப் பதில் சொல்லுங்க. அன்னையோட நான் வாரத நிறுத்திர்றேன்" என்றாள்.

தனியாகப் போக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். நோயாளி என்ற பட்டம் இல்லாமல், யாருக்கும் கிழமை சொல்லாமல், பரளச்சி ஊர் வரைக்கும் என் போக்கில் ஒரு காலை போய்விட்டு வர வேண்டும். நெஞ்சின் பலத்தைக் கூட்டுவது நம் கையில் இல்லை. சைக்கிளின் கனத்தைக் குறைப்பது நம் கையில்தானே இருக்கிறது?

போனில் நிறைய வீடியோ பார்த்தேன். எல்லாரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். கம்பியில் குறைக்கிற கனத்தைவிடச் சக்கரத்தில் குறைக்கிற கனத்துக்கு மதிப்பு அதிகம். சும்மா கிடக்கிற கனம் வேறு, சுற்றுகிற கனம் வேறு. முப்பது வருஷமாக நூலை நிறுத்து விற்கிறவனுக்கு இது போதாதா? மறுநாளே இரண்டு சக்கரத்தையும் கழற்றிக் கடைத் தராசில் வைத்தேன். முன் சக்கரம் ஐந்தரை கிலோ. பின் சக்கரம் ஆறேகால். நூல் வாங்க வந்த தறிக்காரர் ஒருவர் வரிசையில் தனக்கு முன்னால் சக்கரம் நிற்பதைப் பார்த்துவிட்டு, "இது எத்தனாம் நம்பர் நூலுங்க?" என்று கேட்டார். அவரை முறைத்தேன்.

பஞ்சர் கடையில் டயரைப் பிரித்ததும் பாதி மர்மம் விளங்கியது. டயருக்கும் ட்யூபுக்கும் நடுவே, பழைய கார் ட்யூபை நீளவாக்கில் அறுத்து ஒரு சுற்று விரித்திருந்தது. லைனிங். சைக்கிள் வாங்கிய வாரமே நான் கேட்காமலேயே பஞ்சர் கடைக்காரர் போட்டுக்கொடுத்தது. எங்கள் பக்கத்தில் புது சைக்கிளுக்குச் சந்தனம் குங்குமம் வைக்க மறந்தாலும் மறப்பார்கள், லைனிங் போட மறக்கமாட்டார்கள். காரணம் சீமைக்கருவை முள். சாலையோரம், கண்மாய்க்குள், காடு கரை எங்கும் அதுதான்.

"இத எடுத்துரு" என்றேன்.

"அண்ணாச்சி, இத எடுத்துட்டா நம்ம பக்கம் ஓட்ட முடியாது. ரோட்டுல பாதி தாரு, பாதி முள்ளுதேன்."

"முள்ளு ஏறாத டயரு வருது. பொறுத்திருந்து பாரு."

உண்மையிலேயே வரவழைத்திருந்தேன். பெட்டியைப் பிரித்தால், டயர் நாலாக மடித்த வேட்டி மாதிரி உள்ளே கிடந்தது. பஞ்சர் கடைக்காரர் இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருந்ததைக் காட்டினேன். நூற்றிருபது டி.பி.ஐ.

நூல் வியாபாரத்தில் டி.பி.ஐ. என்றால் அங்குலத்துக்கு எத்தனை முறுக்கு என்று அர்த்தம். முறுக்கு ஏற ஏற நூல் இறுகும், அறாது. எங்கள் கடையில் முப்பது முறுக்கைத் தொட்டாலே அது நல்ல நூல். நூற்றிருபது என்றால் அது நூலே இல்லை, இரும்புக் கம்பி. இதைப் பஞ்சர் கடைக்காரருக்குப் பத்து நிமிஷம் விளக்கினேன். விரலில் ஒரு துண்டு நூலைச் சுற்றி முறுக்கியும் காட்டினேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "யாவாரி சொன்னாச் சரியாத்தேன் இருக்கும்" என்றார். அந்த "தேன்"னை அவர் இழுத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

லைனிங் போயிற்று. மெல்லிய ட்யூப், புது டயர். மறுபடி தராசில் வைத்தபோது சக்கரத்துக்கு இரண்டு கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது. முன் சக்கரத்தை ஒரு கையிலும் டயர்ப் பெட்டியை மறு கையிலும் தூக்கிக்கொண்டு போய் அடுப்படியில் நின்ற மனைவியிடம் காட்டினேன். அவள் டயர் வந்த பெட்டியை வாங்கி நாலு பக்கமும் நிதானமாகப் படித்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டுத் தாளித்தாள்.

பரீட்சை நாள் ஞாயிற்றுக்கிழமை. சைக்கிள் அன்றைக்குப் போன போக்கு எனக்கே புதிதாக இருந்தது. மிதித்த உடனே கிளம்பியது. சாலையில் கிடந்த நாய் எழுந்து விலகியது, இத்தனை நாளாக நான் வந்தால் அது எழுந்ததே கிடையாது. கண்மாய் மேடு தெரிந்தது. பின்னால் தொண்டையைச் செருமுகிற சத்தமும் கேட்டது.

"பெரியவ பொறந்தது என்ன கெழம?"

"வெள்ளிக்கெழம. சாயங்காலம்."

"ராத்திரி மாத்திர போட்டீகளா?"

"போட்டுட்டேன்." இது பொய். ஆனால் மூச்சு வாங்காமல் சொன்ன பொய்.

"நம்ம கல்யாணத்துல மொத பந்தியில என்ன தீந்து போச்சு?"

"அப்பளம். ஒங்க சித்தப்பா ஒருத்தரே பத்து அப்பளம் தின்னாரு. எனக்கு வைக்கவே இல்ல."

இந்தக் கடைசிப் பதிலைத் தலையைத் திருப்பி, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். பாதி மேட்டில் இத்தனை வார்த்தை என் வாயிலிருந்து வந்ததே இல்லை. அந்தப் பெருமையில் முன்னால் பார்க்கவில்லை. கரிமூட்டத்துக்குக் கருவை வெட்டுகிறவர்கள், வெட்டிய கிளைகளைக் காலையில்தான் சாலைக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அதன்மேல் முன் சக்கரம் ஏறியது, பின் சக்கரமும் ஏறியது. நான் நிற்காமல் மிதித்து உச்சியில் போய்க் கால் ஊன்றினேன். மூச்சு சீராக இருந்தது. சைக்கிளிலிருந்துதான் புஸ்ஸென்று சத்தம் வந்தது, இரண்டு சக்கரத்திலிருந்தும்.

குனிந்து பார்த்தேன். முன் டயரில் ஒரு முள் நீளமாகக் கிழித்திருந்தது. கிழிசலில் இழைகள் பிரிந்து தெரிந்தன. பட்டு மாதிரி மெல்லிசான இழைகள், நெருக்கமாகப் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்றிலும் முறுக்கே இல்லை. எனக்கு விளங்கிவிட்டது. அங்குலத்துக்கு நூற்றிருபது முறுக்கு இல்லை, நூற்றிருபது இழை. இழை நெருங்க நெருங்கத் துணி மெலியும். மல் துணியைக் கட்டிக்கொண்டு முள்ளுக்காட்டுக்குள் வந்திருக்கிறேன்.

"இது முறுக்கு இல்ல" என்றேன்.

"ஆமா, இழைதான். பெட்டியிலயே முழுசா எழுதியிருந்துச்சே."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"நூல் யாவாரி நீங்க. ஒங்களுக்குத் தெரியாமலா வாங்கியிருப்பீகன்னு இருந்துட்டேன்."

பக்கத்தில் கருவை வெட்டிக்கொண்டிருந்தவர்களிடம் சைக்கிளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சக்கரங்களை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டோம். ஸ்கூட்டியில் அவளுக்குப் பின்னால், இரண்டு கையிலும் ஒவ்வொரு சக்கரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். "கனத்தக் கொறச்சது நல்லதாப் போச்சு" என்றாள். நான் சக்கரங்களை இறுகப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் அவளே சொன்னாள்.

"நீங்க ஜெயிச்சிட்டீக. நாளையிலருந்து நான் வரல."

இதற்காகத்தான் இத்தனை பாடும். ஆனாலும் சந்தோஷம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு வந்தேன். அரை கிலோமீட்டர் போயிருக்கும், ஸ்கூட்டி வேகம் குறைந்து ஓரமாக நின்றது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டாள்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. அன்னைக்கு ஆம்புலன்ஸுல என்னிய டிரைவர் பக்கத்துல உக்கார வச்சிட்டாக. நடுவுல தடுப்பு, எட்டிப் பாக்க ஒரு கண்ணாடி சன்னல்கூட இல்ல. மதுர போற வரைக்கும் பின்னால நீங்க எப்படிக் கெடக்கீகன்னே தெரியல. சத்தமும் இல்ல. பின்னால இருந்து பேசாம வராதீக. எனக்கு அந்த ஞாபகம் வருது."

ஆஸ்பத்திரியில் நான் பட்டதையெல்லாம் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த ஒன்றரை மணி நேரம் முன் சீட்டில் அவள் என்ன பட்டாள் என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. இரண்டு கையிலும் சக்கரம் இருந்ததால் கண்ணைத் துடைக்க வழியில்லை.

ஸ்கூட்டி கிளம்பியது. நான் பேச ஆரம்பித்தேன். முறுக்குக்கும் இழைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னேன். ராத்திரி மாத்திரை போடவில்லை என்பதைச் சொல்லித் திட்டு வாங்கினேன். அவள் சித்தப்பா தின்ற அப்பளம் பத்து இல்லை, ஏழு என்று ஒப்புக்கொண்டேன். வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். டீக்கடை வந்தபோது எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை. தெரு முனையில் திரும்பும்போது, "நாளைக்கும் வா" என்றேன்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகு அவள் பதில் சொன்னாள்.

"வாரேன். ஆனா கொஞ்சம் வேகமா மிதிங்க. நீங்க போற வேகத்துல ஸ்கூட்டி சாயாம நிக்க மாட்டேங்குது. தரையில கால ஊண்டி ஊண்டியே ரெண்டு செருப்பு தேஞ்சு போச்சு."