காளைக்குத் தைத்த சாக்கு உறை

இடவப்பாதி என்கிற ஜூன் மாச மழை சற்று ஓய்ந்த இந்தக் காலையில், பக்கத்து வீட்டு டாக்டர் மோட்டார் மிஷின் வைத்துப் புல் வெட்டுகிறார். ஈரப் புல்லின் வாசனை எல்லோருக்கும் மனசைக் குளிர்விக்குமாம். நானோ ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன். மருமகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும், உங்களிடமாவது சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து தினம் நடந்துபோய் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாத் தோட்டத்தில் கிளார்க் வேலை பார்த்தேன். தற்காலிக வேலை. கிளார்க் என்று பேர்தான், உண்மையில் புல்தரைக்குக் காவல். மழைக்காலத்தில் நம்மூர்ப் புல்லைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பாசி பிடிக்கும், தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், அட்டை கணுக்காலில் ஏறி முழங்காலில்தான் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். அதையெல்லாம் சமாளித்துவிடலாம். துரையைச் சமாளிக்க முடியாது. புல்லில் ஒரு குளம்புத் தடம் கண்டால் போதும், சீட்டுக் கிழிந்துவிடும். எனக்கு முன்பிருந்தவன் அப்படித்தான் போனான். நானே அந்தப் புல்லில் நுனிக்காலால்தான் நடப்பேன்.

வெட்டும் மிஷினை இழுத்தது ஒரு காளை. தடம் பதியாமலிருக்க அதன் நாலு காலுக்கும் சீமையிலிருந்து தோல் பூட்ஸ் வந்திருந்தது. நம்புங்கள், நிஜம். காளையை ஓட்டிய பூதலிங்கம் நாஞ்சில்நாட்டுக்காரன். பூட்ஸைத் தொடமாட்டேன் என்றுவிட்டான்.

"காளைக்குத் தோலைக் கெட்டுனா பாவமாக்கும் சாமி. யாருக்கத் தோலுன்னு அதுக்குத் தெரியாதா?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அவன் பெண்டாட்டி பகவதி, சாக்கில் தேங்காய் நார் அடைத்து நாலு உறை தைத்துக் கொடுத்தாள். வெயில் காலத்தில் பிரமாதமாக உழைத்தன. மழையில் சாக்கு என்னாகும் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பாவ புண்ணியம் பார்த்த அளவுக்கு வானத்தைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் புல்தரையில் விருந்து. மத்தியானம் மழை கொஞ்சம் விட்டதும் மிஷினைப் பூட்டினோம். பகவதி மழைக்குச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்து, வெட்டிய புல்லைத் தன் பசுவுக்காக வாரிக்கொண்டிருந்தாள்.

இடி விழுந்தது. மழையும் இரைந்துகொண்டு இறங்கிற்று. காளை மிரண்டு துள்ளியதில் ஊறிப் பெருத்த உறை ஒன்று கழன்றது, இன்னொன்று காலைச் சுற்றிக்கொண்டது. அவ்வளவுதான், தறிகெட்டு ஓடிற்று. நேரே பகவதியை நோக்கி. பின்னால் கத்திகள் சுழல மிஷின். பூதலிங்கம் கயிற்றை விடாமல் இழுபட்டுக்கொண்டே போனான்.

"பகவதி, தள்ளி மாறுடீ!"

மழை இரைச்சலில், கொங்காணிக்குள் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. நானும் கத்தினேன். வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. அந்த மாதிரிப் பயத்தை அதற்கு முன்னும் அறியேன், பின்னும் அறியேன்.

நல்லகாலம், மிஷின் சேற்றில் புதைந்து காளையை நிறுத்திற்று. காளையின் மூச்சு முதுகில் பட்டுத்தான் அவள் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. அப்புறம் அவள் பார்வை புல்தரைக்குப் போயிற்று. கிழிந்து, குழி குழியாய், குழிகளில் தண்ணீர். உடனே மண்டியிட்டு, பெயர்ந்த புல்லைக் கையால் அமுக்க ஆரம்பித்தாள்.

"வாங்க சாமி, தொரை சாயிப்பு வாறதுக்குள்ள மூடிரலாம்."

நாங்கள் இரண்டு பேரும் அவள் பக்கத்தில் மண்டியிட்டோம். அடிபட்டதா என்று புருஷன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. செத்துப் பிழைத்தவளை விசாரிக்கக்கூட விடாத பயம் அது.

துரை குடையோடு வந்தார். ஒட்டுப்போட்ட இடத்தின் மேலேயே நின்றார். மழையில் தடம் எதுவும் அவர் கண்ணில் படவில்லை. ஷூவுக்குள் தண்ணீர் புகுந்ததும் முகத்தைச் சுளித்தார், விருந்தை வராந்தாவில் வைக்கச் சொன்னார், திரும்பிப் போய்விட்டார்.

அவர் படியேறி உள்ளே போன பிறகுதான் பகவதி வாய்விட்டு அழுதாள். பூதலிங்கம் அப்போதுதான், அடிபட்டிருக்கிறதா என்று அவள் காலைத் தொட்டுப் பார்த்தான்.

துரைமார் போனார்கள், காளை போயிற்று, புல்தரை இருந்த இடத்தில் சிமென்ட் போட்டு ஜீப் நிறுத்துகிறார்கள். அந்தக் காலம் மாதிரி வருமா என்று என் வயசுக்காரர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். வரவே வேண்டாம், ஐயா. இப்போது ஒருத்திக்கு ஆபத்து என்றால் முதலில் அவளைத்தான் பார்க்கிறார்கள், புல்லை அப்புறம்தான்.