சாப்பாட்டு மேசையில் ஒரு பாதரச ஆறு

நாங்கள் புலம்பெயர்ந்து மல்வேர்னில் இருக்கிறோம். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள், முதலாவது சீனப் பேரரசரின் கல்லறையைப் பள்ளிக்கூடத்துக்காக அட்டையில் செய்துகொண்டிருந்தாள். அந்தக் கல்லறைக்குள் பாதரசத்தால் ஆறுகள் ஓடவிட்டார்களாம். அதற்கு அவள் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டியிருந்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. மற்றப் பிள்ளைகளின் வேலைக்குப் பக்கத்தில் எடுபடாது என்று நினைத்தேன்.

ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய பாதரசத் தெர்மாமீற்றர் அலுமாரியின் இழுப்பு லாச்சிக்குள் கிடந்தது. அவளுக்குச் சொல்லாமல் அதை மேசையில் இருந்த அட்டை ஆற்றுக்கு மேலே பிடித்துக் குறட்டால் முறித்தேன். பாதரசம் ஆற்றில் நிற்கவில்லை. மணிமணியாக உருண்டு நிலமெல்லாம் சிதறியது. தூசு உறிஞ்சும் வாக்கூமை இழுத்துக்கொண்டு வந்தேன்.

சத்தம் கேட்டு வந்த மகள் வயரைப் பிடுங்கினாள்.

"போடாதேங்கோ அம்மா. உதின்ரை ஆவி நஞ்சு, வாக்கூம் போட்டால் வீடு முழுக்கப் பரவும். அந்தக் கல்லறையை இன்னும் திறக்காததுக்கு உதுவும் ஒரு காரணம் எண்டு நேற்று வாசிச்சுக் காட்டினனான். நீங்கள் ஓம் ஓம் எண்டு சொன்னனீங்கள்."

யன்னல்களைத் திறந்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு, நஞ்சு பற்றி உதவும் தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தோம். அவர்கள் சொன்னபடி அட்டையால் ஒதுக்கி, ஒட்டும் ரேப்பால் ஒற்றிப் போத்தலில் அடைத்தேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அலுமினிய ஆறே பள்ளிக்கூடம் போனது.

இப்போது அவள் எதையாவது வாசித்துக் காட்டினால், அடுப்பை நிற்பாட்டிவிட்டுப் பக்கத்தில் இருந்து கேட்கிறேன். ஒரு நாடே திறக்கத் தயங்கும் கல்லறையை, ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டே சாப்பாட்டு மேசையில் திறந்தவள் நான்.