மடியில் மருமகள், தொடையில் பை

என் தொடையில் ஒரு மூத்திரப் பை கட்டியிருக்கிறது என்பது டாக்டரைத் தவிர மூன்று பேருக்குத்தான் தெரியும்: மனைவி, தங்கை, ஆஸ்பத்திரி நர்ஸ். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பையை முதன்முதலாக நானே கழற்றி மாட்டிய நாளில் பாத்ரூமிலிருந்து நான் போட்ட அலறல் இரும்புலியூரில் எங்கள் அபார்ட்மெண்ட் முழுக்கக் கேட்டதாக மனைவி பிற்பாடு சொன்னாள்.

சர்க்கரை வியாதி, வயிற்றுக்குள் இருக்கும் என் சொந்த மூத்திரப்பையின் நரம்புகளைத் தின்றுவிட்டது. தானாகச் சுருங்கி வெளியேற்றும் வேலையை அது மறந்துபோயிற்று. இனி உள்ளே ஒரு குழாய், வெளியே ஒரு பை, இப்படித்தான் காலம் ஓடும் என்றார் டாக்டர். நாவலூர் ஆபீசுக்குத் தினமும் போகும் ஆள், பேன்ட்டைத் தவிர வேறெதுவும் அறியாதவன் நான். ஆனாலும் அவரிடம் கேட்ட முதல் கேள்வி: "சார், வேட்டி கட்டலாமா?"

"நடனமே ஆடலாம்" என்றார். அவருக்கென்ன.

ஆறு மாதத்தில் வேட்டிக்கு வேலை வந்தது. ரொம்ப வருஷம் கழித்துத் தங்கைக்குப் பிறந்த பெண் குழந்தைக்குக் காது குத்து. காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். தங்கைக்கு அண்ணன் நான் ஒருவன்தான். மேடவாக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெரிய குடும்பம், தெருவே திரண்டு வரும். நான் இழுத்தடிப்பதைப் பார்த்து மாப்பிள்ளையின் அண்ணன் போனிலேயே வழி சொல்லிவிட்டார்.

"இன்னா மச்சான், முடியலன்னா வுடு. மாமன் முறைக்கு எங்காளு ஒருத்தன் ரெடியா கீறான்."

தங்கை போனைப் பிடுங்கினாள். "அண்ணா, நீ வரலன்னா எம்பொண்ணு காது குத்தாமலே காலேஜ் போகட்டும்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன நிமிடத்திலிருந்து மனதில் ஒரே காட்சிதான். சபை நடுவே பை வெடிக்கிறது, பாய் நனைகிறது, ஐயர் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார், பின்னாலேயே ஆசாரி ஊசியோடு ஓடுகிறார்.

இந்தப் பிரளயத்தைத் தடுக்க நான் கண்டுபிடித்த உபாயம் மகா எளிமையானது. தண்ணீர் குடிக்காவிட்டால் பை எப்படி நிறையும்? வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ஒத்திகையை ஆரம்பித்தேன். காலையில் அரை டம்ளர் காபி, அவ்வளவுதான். மத்தியானம் பைக்குள் எட்டிப் பார்த்தேன், கொஞ்சம்தான் இருந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். சாயங்காலம் அது புளிக்கரைசல் மாதிரி ஆயிற்று. பிறகு ஒரு சொட்டும் வரவில்லை. அடிவயிறு கல்லாக இறுகியது. இன்ஷூரன்ஸ் பத்திரம் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று மனைவியிடம் சொல்ல ஆரம்பித்தேன்.

"பத்திரத்த அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல ஆட்டோல ஏறுங்க" என்றாள்.

குழாயை மாற்றியபடி நர்ஸ் கேட்டார். "தண்ணி குடிச்சீங்களா சார்?"

"விசேஷம் வருதும்மா..."

"அதுக்கு? தண்ணி ஓடுனாத்தான் குழாய் அலசும். குடிக்கலன்னா உள்ள கசடு கட்டி அடைச்சுக்கும். நல்லா குடிங்க, பாதிக்கு மேல நிறைஞ்சதும் காலி பண்ணுங்க. வரலன்னா குழாய் மடங்கியிருக்கா, பை வயித்துக்குக் கீழ இருக்கான்னு மொதல்ல பாருங்க. எல்லாம் சரியா இருந்தும் வரலன்னா உடனே இங்க வந்துடுங்க. உயில் எழுதாதீங்க."

மனைவி எல்லாவற்றையும் போட்டுக்கொடுத்திருந்தாள்.

அடுத்த ஒத்திகை ஒழுங்காக நடந்தது. தரையில் சம்மணம் போட்டேன். மனைவி ஒரு சின்ன அரிசி மூட்டையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். பை இடது தொடையில், மூட்டையும் இடது தொடையில். பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாய் நசுங்கி ஓட்டம் நின்றது. கத்த வாயைத் திறந்தேன். "பாருங்க, அப்புறம் கத்துங்க" என்றாள். பார்த்தேன். பட்டையை அவிழ்த்து வலது தொடைக்கு மாற்றி, குழாய் இழுபடாமல் கொஞ்சம் தளர்த்தி ஒட்டினேன். மூட்டை இடது பக்கமே இருந்தது. ஓட்டம் வந்தது. அந்த அரிசி மூட்டையைக் கொஞ்சாத குறைதான்.

விசேஷ நாளில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தேன். மண்டபத்து பாத்ரூமில் கை கழுவி, பையைக் காலி செய்து, அடைப்பானை மூடி, மறுபடி கை கழுவினேன். பட்டு வேட்டியோடு போய் உட்கார்ந்தேன். குழந்தையை இடது தொடையில் வாங்கிக்கொண்டேன். ஆசாரி ஊசியை எடுத்தார். மேளம் உச்சத்துக்குப் போனது. முதல் காது, வீறிட்ட அலறல். இரண்டாவது காது.

மடியில் வெதுவெதுப்பாக ஈரம் பரவியது.

முடிந்தது கதை என்று நினைத்தேன். காதில் மேளம் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அண்ணன் முன்வரிசையில் என் வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து ஓடலாம், ஆனால் மடியில் குழந்தை. வேறு வழியில்லாமல் ஒத்திகையில் செய்ததைச் செய்தேன். கையை மெதுவாக வேட்டிக்குள் விட்டுத் தடவினேன். குழாய் மடங்கவில்லை. இணைப்பு இறுக்கமாக இருந்தது. அடைப்பான் மூடியிருந்தது. பை கதகதப்பாக, பாதி நிறைந்து, சமர்த்தாகக் கிடந்தது. வலது தொடை முழுக்கக் காய்ந்திருந்தது.

நனைந்தது இடது தொடை.

குனிந்து பார்த்தேன். நல்ல நாளில் டயப்பர் எதற்கு என்று தங்கையின் மாமியார் கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் பட்டுப் பாவாடையோடு கொடுத்த என் மருமகள், அழுகையை நிறுத்திவிட்டு நிம்மதியாக என்னைப் பார்த்தாள்.

"இன்னா மச்சான், ஊசி குத்துனது கொயந்தைக்கு, பயத்துல போனது நீயா?" மாப்பிள்ளையின் அண்ணன் ஊருக்கே கேட்கக் கேட்டார். சபை சிரித்தது.

ஆறு மாதமாக மூடி வைத்திருந்ததை யார் திறந்தார்கள் என்று தெரியவில்லை, வாய் தானாகத் திறந்தது. வலது தொடையை வேட்டியோடு சேர்த்துத் தட்டினேன். உள்ளே பை தளும்பிக் குலுங்கியது.

"அண்ணே, என்னோடது மொத்தமும் இங்க பையில பத்திரமா இருக்கு. டாக்டர் மாட்டுனது, ஒரு சொட்டு கீழ விழாது. இந்த ஈரம் முழுக்க உங்க குடும்பத்தோடது."

முதலில் தங்கைதான் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. பிறகு ஆசாரி. அண்ணனும் கடைசியில் தோளைக் குலுக்கிச் சிரித்து, "நீ கில்லாடிப்பா" என்று எழுந்து வந்து கை கொடுத்தார்.

"வேட்டிய மாத்திட்டு வாங்க, ஃபோட்டோ எடுக்கணும்" என்றாள் மனைவி.

மாற்றவில்லை. குழந்தையைத் தூக்கி நிறுத்தி, ஈரம் நன்றாகத் தெரியும்படி காலை நீட்டிக்கொண்டு, "எடுப்பா" என்றேன்.