மாடு கைமாறிய நாள்

ஊரில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். சின்ன வயதிலிருந்தே நின்ற இடத்தில் நிற்காதவள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது பெயரும் கூடவே வந்துவிட்டது. இப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் கயிற்றிலிருந்து விடுபட்டதும் விர்ரென்று சுற்றுமே, அந்தச் சுற்று இல்லை. தலை ஆடி, எந்தப் பக்கம் சாயலாம் என்று இடம் பார்க்கிற சுற்று.

அவள் வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டியவர். டிராக்டர் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, வீட்டுக்குள்ளும் அதே குரலில்தான் பேசுவார். யார் எதைக் கேட்டாலும் முதலில் வாயில் வருவது "முடியாது"தான். அப்புறம் ஒரு மணி நேரம் கழித்து, கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டு, அதற்கும் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போவார். ஒரே மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டபோதும் "முடியாது" என்றார். அதை மட்டும் பிறகும் மாற்றிக்கொள்ளவில்லை. மகள் கட்டிக்கொண்டு தூர தேசம் போய்விட்டாள்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோரமாகச் சரிந்தார். பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலது கையும் காலும் அவருடைய பேச்சைக் கேட்கவில்லை. பேச்சே அவருடைய பேச்சைக் கேட்கவில்லை. அத்தனை சொற்களும் போய், நாக்கில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. "சரி."

ஆயுள் முழுக்க அந்த வாய் சொல்லாத சொல்.

பசிக்கிறதா என்றால் "சரி." பசிக்கவில்லையா என்றாலும் "சரி." நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும், வெளியே வருவதுதான் அது ஒன்று என்று டாக்டர் சொல்லியிருந்தார். போகப் போகப் பம்பரம் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே வித்தியாசம் கண்டுபிடித்தாள். பசிச் சரி இழுத்து வரும். கோபச் சரி, நல்ல கை நாற்காலியில் விழும் அடியோடு வரும். படுக்கையை நனைத்துவிட்ட சரி, வருகிறதா இல்லையா என்று தெரியாமல் வரும்.

வாரம் ஒருமுறை மகள் ஃபோனில் கூப்பிடுவாள். "அம்மா, அப்பா காதுல வை" என்பாள். வைத்தால், "அப்பா, என் மேல கோவம் போயிடுச்சாப்பா?" என்று கேட்பாள். "சரி" என்பார். அந்தப் பக்கம் மகள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்வாள். இந்தப் பக்கம் அவர் ஃபோனையே முறைத்துக்கொண்டிருப்பார்.

பொழுது விடிவதற்கு முன்பே அவள் எழுந்துவிடுவாள். அடுப்புச் சாம்பலை அள்ளி வெளியே கொட்ட வேண்டும். நேற்றைய சாரலில் நனைந்த விறகை ஊதி ஊதிப் பற்றவைக்க வேண்டும். அது எரிவதற்குள் கண் எரிந்துவிடும். கிணற்றில் தண்ணீர் இறைத்து, பாதியை மாட்டுத் தொட்டிக்கும் மீதியை அவரைக் குளிப்பாட்டவும் பிரித்துக்கொள்வாள். அவரை உட்காரவைத்து, திருப்பி, துடைத்து, சட்டை மாட்டி, ஒரு கையை அவர் இடுப்பிலும் இன்னொன்றை நிலைப்படியிலும் ஊன்றி, வாசலில் இருக்கிற பிளாஸ்டிக் நாற்காலிக்குக் கொண்டுவந்து சேர்ப்பாள். ஆறடி ஆள். பாதி செயலிழந்தாலும் எடை பாதியாகவில்லை. சேர்த்து முடித்ததும் அவளும் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்பாள். அதற்குள் மாடு கத்தும்.

அந்தச் செவலை மாடு ஒரு தனிப் பிறவி. பால் குறைவு, பிடிவாதம் அதிகம். கறக்க உட்கார்ந்தால் வாலால் கண்ணில் அடிக்கும். புல் வெட்டி வந்து போட்டால் முகர்ந்து பார்த்துவிட்டு, விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். "உனக்கும் எனக்கும் போன ஜென்மத்துப் பகை" என்று பம்பரம் தினமும் அதனிடம் சொல்வாள். ஆனாலும் அது அவளுடைய மாடு. கன்றாக வாங்கி அவளே வளர்த்தது. அந்த வீட்டில் அவள் சொல்லுக்காக வந்த ஒரே உயிர்.

வாசலில் உட்காரவைத்ததால் ஒரு தொல்லை வந்தது. போகிறவர் வருகிறவரெல்லாம் அவரிடம் கேட்டுவிட்டு எதையாவது எடுத்துப் போனார்கள். ஏணி போயிற்று. "மாமாகிட்ட கேட்டேன், சரின்னாரே" என்று அடுத்த வீட்டுத் தச்சர் பல்லைக் காட்டினார். மண்வெட்டி போயிற்று. முருங்கைக் கிளை ஒன்று முறிந்து போயிற்று. முன்பெல்லாம் இந்த வாசலில் நின்று ஒரு ஆணி கேட்கக்கூட ஆளுக்குத் துணிச்சல் கிடையாது.

அன்று அவள் மூட்டை கட்டிய துணியோடு வாய்க்காலுக்குப் போயிருந்தாள். படுக்கை விரிப்புகள், அவருடைய வேட்டிகள், கோணிப்பை. ஈரம் ஏறியதும் ஒவ்வொன்றும் ஒரு ஆள் கனம். துவைத்து, பிழிந்து, கூடையைத் தலையில் ஏற்றி வீடு வந்தபோது வாசலில் அவர் மட்டும் இருந்தார். கொட்டகை திறந்திருந்தது. மாட்டைக் காணோம். கயிற்றையும் காணோம்.

"மாடு எங்கங்க?"

"சரி" என்றார் அவர். எதிர்த் தெருவைக் கையால் காட்டினார்.

அடுத்த வீட்டுத் தச்சர் மனைவி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "உன் கொழுந்தன்தான் ஓட்டிட்டுப் போனாரு. அண்ணன்கிட்ட கேட்டுத்தான் அவுத்தாரு. நான் கண்ணால பாத்தேன்."

பம்பரத்துக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. கொழுந்தன் இருப்பது ஊரின் மறுகோடியில். ஒரு வேலித் தகராறில் அண்ணனும் தம்பியும் வருஷக்கணக்காக முகம் பார்த்துக்கொண்டதில்லை. அண்ணன் விழுந்த பிறகு இரண்டு தடவை வந்தான். பழம் கொண்டுவந்து வைத்துவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனான்.

"பழத்தைக் குடுத்துட்டு மாட்டைக் கொண்டுபோறானா? நல்ல கணக்கு!" என்று கூடையை அப்படியே தரையில் வைத்தாள். "இங்கயே இருங்க. வந்துடறேன்." அவர் வேறு எங்கே போவார் என்று அப்புறம்தான் தோன்றியது.

வழியெல்லாம் வார்த்தைகளைத் தீட்டிக்கொண்டே போனாள். வாயில்லாதவரை ஏமாத்தறியா என்று ஆரம்பிப்பதா, நீயெல்லாம் ஒரு தம்பியா என்று ஆரம்பிப்பதா. முழங்கால் வலித்தது. ஈரக் கையில் விரலிடுக்கு வெடிப்புகள் காந்தின. பாதி வழியில் ஒரு கல்லில் உட்காரலாமா என்று நினைத்தாள். உட்கார்ந்தால் கோபம் ஆறிவிடும் என்று உட்காரவில்லை.

கொழுந்தன் வீட்டில் அவன் மனைவி, அவளுடைய ஓரகத்தி, முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பம்பரத்தைப் பார்த்ததும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "வாங்கக்கா. உக்காருங்க."

"உக்கார வரல. எங்க என் மாடு?"

மாடு பின்னால் நின்றிருந்தது. காய்ந்த தரை, நல்ல கூரை, முன்னால் முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் புல். அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அசை போட்டுக்கொண்டிருந்தது.

கொழுந்தன் கொட்டகையிலிருந்து வந்தான். "அண்ணி, சொல்றத கேளுங்க. உங்களுக்கு அங்க கஷ்டமா இருக்குன்னுதான்..."

"என் கஷ்டத்த மாடா வந்து உன்கிட்ட சொல்லிச்சு? வாய் போன மனுஷன்கிட்ட போய் கேக்கறியே, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? அவர் வேற எதச் சொல்லுவாரு? உன் கழுத்த அறுக்கட்டுமான்னு கேட்டாலும் அதைத்தான் சொல்லுவாரு!"

"இல்ல அண்ணி, அவரு கையால தட்டியும் காட்டினாரு, கொண்டுபோன்னு..."

"பொய் சொல்லாத!"

இன்னும் நிறைய வைத்திருந்தாள். ஆனால் மூச்சு வாங்கியது. கண் ஒரு நொடி இருட்டியது. ஓரகத்தி தோளைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய்ச் சுவரோரம் உட்காரவைத்தாள். சூடான தேநீர் டம்ளரைக் கையில் திணித்தாள். "முதல்ல இத குடிங்கக்கா. அப்புறம் திட்டுங்க. நானும் சேந்து திட்டறேன்."

பம்பரம் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தான் போடாத ஒரு தேநீரைக் கடைசியாக எப்போது குடித்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. இரண்டு மடக்குக் குடித்தாள். சுவர் குளிர்ச்சியாக இருந்தது.

விழித்தபோது தலைக்கு ஒரு தலையணை இருந்தது. மேலே ஒரு போர்வை. வெயில் சாய்ந்து அடுப்படி வரை வந்திருந்தது. வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். "ஐயோ, அவர்! மத்தியானச் சாப்பாடுகூட..."

"எங்க வீட்டுக்காரரு அங்க போயிருக்காருக்கா. நீங்க கண்ண மூடினதுமே அனுப்பிட்டேன். சாப்பாடும் குடுத்துவிட்டேன். நீங்க தூங்கினதப் பாத்து எனக்கே பயமாயிடுச்சு. மூச்சு வருதான்னு ரெண்டு தடவ பாத்தேன்."

பம்பரம் நன்றி சொல்லவும், மாட்டைக் கூட்டிக்கொள்ளவும் நிற்காமல் வேகமாக நடந்தாள். வீடு தெரிகிற திருப்பத்தில்தான் கயிறு கையில் இல்லை என்பது உறைத்தது.

வீட்டுக்குள் ஒரே தண்ணீர். கொழுந்தன் தலை முதல் கால் வரை நனைந்து, அண்ணனைத் தோளில் தாங்கி நின்றிருந்தான். அண்ணன் இடுப்பில் ஒரு துண்டு, அதுவும் அவிழ்கிற நிலையில். வாளி கவிழ்ந்து கிடந்தது. வேட்டி ஒரு மூலையில் சுருண்டிருந்தது. நடந்தது என்னவென்று வாசனையே சொல்லிற்று.

"சரி! சரி! சரி!" என்று அவர் கத்திக்கொண்டிருந்தார். கோபச் சரி.

"அண்ணி, ஒரு பக்கம் பிடிங்க" என்றான் கொழுந்தன். முகம் வெளிறியிருந்தது. இருவருமாகப் பிடித்துக் கட்டிலில் சேர்த்தார்கள். அவள் துடைத்து, மாற்று வேட்டியைச் சுற்றி, தலைமாட்டை உயர்த்தி வைத்தாள். கை தானாகச் செய்தது. கொழுந்தன் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாப்பாடு ஊட்டினேன், துப்பிட்டாரு. வெளிய போகணும்னு காட்டினாரு, எனக்குப் புரியல. புரியறதுக்குள்ள..." என்றான். நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டே, "இத தினமும் ஒருத்தியாவா அண்ணி செய்யறீங்க?" என்று கேட்டான்.

"இல்ல. பகல்ல தேவதைங்க வந்து செஞ்சுட்டுப் போகும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்கும் சிரிப்பு வரவில்லை. நீண்ட தூக்கத்துக்குப் பிறகு தலை தெளிந்திருந்தது. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"தம்பி, மாடு உங்ககிட்டயே இருக்கட்டும். பாலில பாதி இங்க வரணும். காலையில நீங்க வந்து இவரக் குளிப்பாட்டி, வாசல்ல உக்கார வெச்சுட்டுப் போகணும்."

"தினமுமா?"

"மாடு தினமும்தான பால் குடுக்குது?"

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய நல்ல கை கட்டில் சட்டத்தை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று பம்பரத்துக்கும் தெரியவில்லை.

கொழுந்தன் மறுநாள் வந்தான். சோப்பை இரண்டு தடவை கீழே போட்டான், அண்ணனிடம் ஒரு அடியும் வாங்கினான். அதற்கு மறுநாளும் வந்தான். பிறகு வழக்கமாயிற்று. முதுகு தேய்க்கும்போது பழைய வேலித் தகராறைப் பற்றித் தானே இரண்டு பக்கமும் வாதாடிக்கொள்வான். ஒரு நாள் அதைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்து புரைக்கேறியது. விதைப்புக் காலம் வந்தபோது வாரத்தில் பாதி நாள் வரவில்லை. அப்போது ஓரகத்தி பாலோடு வந்து, கணவனின் அண்ணனைத் தொட்டுத் தூக்க வெட்கப்பட்டு, பாத்திரம் துலக்கி, துணி துவைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். பம்பரம் யாரையும் குறை சொல்லவில்லை. வந்த நாள் லாபம் என்று எடுத்துக்கொண்டாள்.

மாடு போனதால் அவள் வேலை பாதி குறைந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பாதியெல்லாம் இல்லை. காலையில் கொஞ்ச நேரம் மிச்சமாயிற்று, அவ்வளவுதான். அந்த நேரத்தை என்ன செய்வதென்று முதலில் தெரியவில்லை. கொட்டகைக்குப் போய் வெறும் தரையைக் கூட்டினாள். பிறகு அங்கே விறகை அடுக்கினாள். இனி நனையாது.

மழை விட்ட பிறகு ஒரு காலை அவள் கண் விழித்தபோது ஜன்னல் வெளுத்து, வெளியே ஆட்கள் பேசிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. இவ்வளவு நேரம் அவள் தூங்கியதே இல்லை. பதறி எழுந்து பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். அவர் விழித்துத்தான் இருந்தார். விரிப்பு நனைந்திருந்தது. நனைந்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும், ஓரங்கள் குளிர்ந்து கிடந்தன. ஒரு வாய்த் தண்ணீர் கொண்டுவரத் தாமதமானாலும் தெருவையே கூட்டுகிற மனுஷன்.

"ஒரு குரல் குடுக்கக் கூடாதா? இப்படியே ஈரத்துல கிடக்கணுமா?" என்று திட்டிக்கொண்டே அவரைப் புரட்டினாள்.

அவர் நல்ல கையால் அவளுடைய தலைமுடியைக் காட்டினார். தூக்கத்தில் கலைந்து ஒரு பக்கமாக நின்றிருந்தது. அவள் அதை அள்ளி முடிந்துகொண்டு, விரிப்பை உருவி வாளியில் நனைத்தாள். வெளியே வெயில் நன்றாக அடித்தது. கொடியில் போட்டால் மதியத்துக்குள் காய்ந்துவிடும்.